துக்கம் காத்த மேடு

நடுத்தெருவில் ஒரு பெண் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் பதித்திருந்தாள். வடகோடிக் குளிர் ஊரான ஷிபெனாயில் பிப்ரவரி வெயிலுக்கு வெளிச்சம் மட்டும்தான் உண்டு, சூடு கிடையாது. அவளுக்கு எதிரே உஷிகுபோ வீட்டு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கறுப்பு உடையில் ஒரு விதவை நின்று, தேநீரை உறிஞ்சியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கா?" என்று கேட்டார் தொகாஷி மேடம்.

"நாம வந்ததுலேர்ந்து மேடம். எனக்குக் கார் ஹீட்டரே பத்தல. அவங்க முட்டியை இனிமே மீன் கடை ஐஸ் பெட்டியிலதான் கேட்டு வாங்கணும்."

"இது ஜோக்கா கொமினே?"

"முயற்சி மேடம்."

"முயற்சியை நிறுத்திட்டுக் கதவைத் திற."

கொமினே என்பது நான்தான். மேடத்துக்கு டிரைவர், கேமரா தூக்கி, திட்டு வாங்கி, மூன்றும் ஒரே ஆள். மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் செத்தவர்களைச் சந்தேகப்பட்டுச் சம்பாதித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார், அதனால் உயிரோடிருப்பவர்களையும் சந்தேகப்படுகிறார். இனிமையாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். உஷிகுபோ கோசோ ஊருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். பனிக்காலம் முழுக்கத் தெருவில் பனி மிதிபட்டு இறுகிக் கிடக்கும். ஜனவரிக் கடைசியில் அதைத் தார் தெரியும்வரை சுரண்டச் சொல்லி நகராட்சி உத்தரவு போட்டது. விடியும் முன் கோசோ பிளேடை இறக்கிக்கொண்டு வந்தார். சரியாகத் தன் வீட்டு வாசலில், பனிக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் எழும்பியிருந்த ஒரு மேட்டில் பிளேடு முட்டியது. வண்டி நின்றுவிட்டது, கோசோ நிற்கவில்லை. கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்.

மண்டியிட்டிருந்தவள் இசாவா ஷிஹோ, எங்களை அமர்த்திய கட்சிக்காரி. தரை உறைந்து வீங்கினாலும் அசையாத தெரு என்று சொல்லி அந்தத் தெருவை வடிவமைத்த பொறியாளர். அன்று மதியம் மூன்று மணிக்குத் தெருச் சங்கக் கூடத்தில் அவள் எழுந்து நின்று, தப்பு என் வடிவமைப்பில்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் இன்னொரு தெருவுக்குக் கோடு போட முடியாது. போட்ட தெருவையும் வசந்தத்தில் தோண்டி எறிந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஆளையும் கொன்றுவிட்டு மன்னிப்பும் கேட்காத ராட்சசி என்று பெயர் வரும். மூன்று மணிக்குள் உண்மையைக் கண்டுபிடியுங்கள் என்று எங்களிடம் வந்திருந்தாள்.

ஜன்னலில் இருந்த விதவை மெல்லத் தலையசைத்தாள். அதன்பிறகே இசாவா எழுந்தாள்.

"தினமும் இதே கூத்தா?" என்றார் மேடம்.

"அவரை எரிச்ச அன்னைக்குத் தொமோயே அம்மா சொன்னாங்க. 'என் புருஷன் செத்த இடத்துல தினம் காலையில வந்து மன்னிப்பு கேளு, நான் தலையாட்டினாத்தான் எழுந்திருக்கணும்'னு. நியாயம்தானே?"

"எனக்கு நியாயமெல்லாம் தெரியாது. அதென்ன பையிலேர்ந்து எடுக்கறே?"

இசாவா மடக்கு அளவுகோலை விரித்து மேட்டின் மேல் வைத்தாள். "உயரம் பாக்கறேன். கை பழகிப்போச்சு."

"நெத்தியையும் வெச்சுட்டு ஸ்கேலையும் வெக்கறியா? நல்ல பொண்ணு. எவ்வளவு இருக்கு?"

"பதினாலு சென்டி."

"நேத்து?"

"பதினாலு."

"எரிச்ச அன்னைக்கு?"

"அன்னைக்கும் பதினாலுதான்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அன்னையிலேர்ந்து குளிர் எப்படிடா?"

"இந்த வருஷத்துலயே மோசம் மேடம். காலையில மீசை தனியா ஒடிஞ்சு விழுமோன்னு பயந்தேன்."

"இவ்வளவு குளிர்ல மேடு இன்னும் எழும்பணுமே இசாவா? புருஷன் போனா பொண்டாட்டி துக்கம் காப்பா, சரி. ரோடு ஏன் காக்குது?"

மண்டியிட்டு மண்டியிட்டு மூளை மரத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் எங்கள் கண் முன்னாலேயே விழித்துக்கொண்டாள்.

"தண்ணி," என்றாள். "தண்ணி நின்னுருக்கு."

"எனக்கும் இவனுக்கும் புரியற மாதிரி சொல்லு. முக்கியமா இவனுக்கு."

"ரோடு எழும்பறதுக்கு மூணு வேணும். தண்ணியை உறிஞ்சற மண்ணு, குளிரு, தண்ணி. மூணுல ஒண்ணைப் பறிச்சுட்டா போதும், எழும்பாது. குளிரைப் பறிக்க முடியாது. அதனால இங்க இருந்த எரிமலைச் சாம்பல் மண்ணை ஆழமா வெட்டி எடுத்துட்டு ஜல்லி போட்டேன். ஜல்லிக்குக் கீழே கொஞ்சம் பழைய மண்ணு உறையும். ஆனா அதுக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது, அதனால பரவாயில்லன்னு கணக்கு. யாரோ அதுக்குத் தண்ணி குடுத்திருக்காங்க. இப்ப நிறுத்திட்டாங்க."

"இந்த மூணு சமாச்சாரம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"தெரு முழுக்கத் தெரியும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கூட்டம் போட்டு நான்தான் விளக்கினேன். எல்லாரும் காரை எங்க நிறுத்தறதுன்னுதான் கேட்டாங்க. ஒருத்தர் மட்டும் நல்ல கேள்வி கேட்டாங்க, தண்ணி எவ்வளவு வேணும்னு..."

"யாரு?"

பதில் வருவதற்குள் எங்கள் காலடியில் ஒரு மண்வெட்டிப் பனி வந்து விழுந்தது. எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு குண்டு மனிதர் மண்வெட்டியோடு முறைத்தார்.

"செத்தவனுக்கு இன்னும் எத்தனை நாளைக்கு விழா எடுக்கப் போறீங்க? வழியை விடுங்க!"

அவர் மாகபே. ஓய்வுபெற்ற தபால்காரர். அந்த வாயைப் பார்த்ததும் எனக்குள் ஒரு மணி அடித்தது. நாவலாக இருந்தால் இந்த ஆள்தான் கொலைகாரர்.

"உஷிகுபோவைப் பிடிக்காதா உங்களுக்கு?" என்று மேடம் அவரிடம் போனார்.

"அவனையா? நான் விடிஞ்சு எழுந்து வாசலைத் துடைச்ச மாதிரி வெச்சிருப்பேன். வருவான் மகராஜன். வழிச்ச பனியெல்லாம் என் வாசல்ல சுவராக் கட்டிட்டுப் போவான். தன் வாசல்ல மட்டும் பிளேடை நல்லா அழுத்தி, ஒரே ஓட்டமா ஓட்டுவான். அங்க ஒரு பொட்டுப் பனி நிக்கக்கூடாது. அதை எங்க தள்ளுவான்? இங்க!"

"அந்த அழுத்தமும் ஓட்டமும்தான் ஆளைக் கொன்னது. அவர் வாசல்ல தண்ணி ஊத்தி மேடு கட்டினது நீங்கதானே?" என்று நான் நடுவில் பாய்ந்தேன்.

மாகபே மேடத்தைப் பார்த்து, "இது உங்க பிள்ளையாம்மா? சின்ன வயசுல கீழே விழுந்துட்டானா?" என்றார். "தண்ணியை ஊத்தினா ரோட்டு மேல வழுக்கும். ரோடு எப்படி எழும்பும்?"

"அவர் சொல்றது சரி," என்றாள் இசாவா. "கீழேயிருந்து கசியணும். விடாம கசியணும்."

நான் மண்வெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. "அவர் பொண்டாட்டி எப்படி?" என்று மாகபேயைக் கேட்டார்.

மாகபேயின் குரல் இறங்கியது. "பாவம்மா அது. முன்னாடியெல்லாம் கெட்டிலை எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வரும், குழாய் உறைஞ்சுபோச்சு கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு. ஒரு நாள் அவன் பாத்துட்டான். அதோட வரல."

"இந்தத் தெருவுல வேற யார் வீட்டுலயாவது குழாய் உறைஞ்சுதா?"

"எங்கயும் உறையல. எல்லாரும்தான் ராத்திரி உறையாம இருக்கக் குழாய்த் தண்ணியை மண்ணுக்குள்ள இறக்கிடறோமே!"

மேடத்தின் உதடு ஒரு பக்கமாக வளைந்தது. அதை மற்றவர்கள் புன்னகை என்பார்கள், எனக்கு அதைக் கண்டால் பயம்.

"வாங்க ரெண்டு பேரும். துக்கம் விசாரிச்சுட்டு வருவோம்."

தொமோயே மறுப்புச் சொல்லாமல் எங்களை உள்ளே விட்டாள். ஐம்பது வயது கடந்த, மெலிந்த, சுத்தமான பெண். இசாவாவைப் பார்த்து மட்டும், "நீ செருப்பு விடற இடத்துலயே நில்லு," என்றாள். இசாவா நின்றாள்.

காலணியைக் கழற்றும்போது செருப்பு அலமாரியின் மூலையில் ஒரு ஷோச்சுச் சாராய பாட்டில் என் கண்ணில் பட்டது. நல்ல சரக்கு. கை தானாகப் போனது. உள்ளே கட்டியாக உறைந்து, கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"மேடம்," என்று கிசுகிசுத்தேன், "இந்தச் சரக்கு இவ்வளவு குளிருக்கெல்லாம் உறையாது. என் அனுபவத்துல சொல்றேன். இது பச்சைத் தண்ணி."

"உன் குடி ஒரு நாள் உபயோகப்படும்னு எனக்குத் தெரியும்."

பூஜை மாடத்தில் கோசோவின் படம் முறைத்தது. ஊதுபத்தி புகைந்தது, கிண்ணத்தில் சுடுசோறு இருந்தது. மேடம் மணியைத் தட்டிக் கைகூப்பினார். பிறகு மாடத்தை உற்றுப் பார்த்தார். தண்ணீர் வைக்கும் சின்னக் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் தூசி படிந்திருந்தது.

சமையலறையில் தேநீர் ஊற்றினாள் தொமோயே. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் குழாயிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நான் எட்டி மூடப் போனேன்.

"தொடாதீங்க!"

அவள் குரல் அவ்வளவு கூர்மையாக இருந்ததால் கையை இழுத்துக்கொண்டேன்.

"ஓடட்டும்," என்று தணிந்து சொன்னாள். "உறையாம இருக்கும்."

தொட்டியின் அடியில், தரையோரம், எல்லா வீட்டிலும் இருப்பது போலத் தண்ணீர் இறக்கும் திருகு இருந்தது. அதைத் திருகினால் உள்ளே வரும் தண்ணீர் அடைபடும், குழாயில் மிச்சமிருப்பது அடியிலுள்ள மண்ணுக்குள் வடிந்துவிடும். கடைசிவரை திருக வேண்டும். பாதியில் விட்டால் குழாய் வறண்டு தெரியும், ஆனால் தண்ணீர் சத்தமில்லாமல் நிலத்துக்குள், வாசல் தெருவுக்கு அடியிலும், போய்க்கொண்டே இருக்கும். இதைத் தெரியாதவர் ஊரில் கிடையாது, இருந்தும் வருடத்துக்கு நாலு பேர் பாதியில் விட்டுவிட்டு முழிப்பார்கள்.

மேடம் தேநீரைத் தொடவில்லை. "ராத்திரியில இந்தத் திருகைத் திருகறது யாரு வேலை?"

"அவர் வேலை."

"இப்ப?"

"இப்ப யாரும் திருகறதில்ல. குழாய் ஓடிட்டே இருக்கும்."

"அவர் உங்களுக்குத் தண்ணியை நிறுத்திட்டுப் போவாரு. மாகபே வீட்டுக்குக் கெட்டிலோட போனீங்க. சாராய பாட்டில்ல தண்ணியைப் பிடிச்சுச் செருப்புக்குப் பின்னாடி ஒளிச்சீங்க. செத்தவருக்குச் சோறு வெச்சீங்க, தண்ணி வெக்கல. எதிர்ல இருக்கற மேடு, அவரை எரிச்ச அன்னையிலேர்ந்து ஒரு சென்டி கூட எழும்பல. நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

தொமோயே தன் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தாள். எனக்கு அழுகையையும் மறுப்பையும் பார்த்துப் பழக்கம். அவள் இரண்டும் செய்யவில்லை.

"கல்யாணம் ஆன வருஷம் ஒரு தடவை குளியல் தொட்டி வழிஞ்சுபோச்சு," என்றாள். "வீணடிக்கறவளுக்குத் தண்ணி கிடையாதுன்னார். அன்னையிலேர்ந்து வண்டி எடுக்கப் போகும்போதெல்லாம் நிறுத்திட்டுத்தான் போவார். திரும்பி வந்து இந்தச் சமையல் தொட்டியை விரலால தடவுவார், ஈரமா இருக்கான்னு."

"ஈரமா இருந்தா?"

அவள் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தோள்பட்டை வலி. குழாய் வறண்டதும் விட்டுடுவார், பாதிதான் திருகியிருப்பார். வண்டி முனை திரும்பற சத்தம் கேட்டதும் நான் எழுந்து போய் மீதியைத் திருகுவேன். வருஷா வருஷம் நான்தான். வீணாப் போகுதேன்னு."

"இந்த வருஷம்?"

"திருகல."

செருப்பு விடும் இடத்திலிருந்து இசாவா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. தொமோயே அந்தப் பக்கம் திரும்பினாள். ஆசிரியையிடம் பேசும் மாணவி மாதிரி அவள் குரல் பணிவாக இருந்தது.

"தண்ணி எவ்வளவு வேணும்னு நான்தான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? நிறைய வேண்டாம்மா, விடாம சொட்டினா போதும்னு நீ சொன்ன. நல்லாப் புரியற மாதிரி சொன்னடி பொண்ணே. அவர் சாவார்னு எனக்குத் தெரியாது. என்னதான் ஆகும்னு பாப்போமேன்னு இருந்தேன்."

"அப்புறம் ஏம்மா?" என்றாள் இசாவா. "என்னை ஏன் தினமும் அங்க..."

"நான் எத்தனையோ வருஷம் அவர் கால்கிட்ட அப்படிக் கிடந்திருக்கேன். வெளியிலேர்ந்து பாத்தா எப்படி இருக்கும்னு தெரியாம இருந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "பாக்க நல்லாத்தான் இருக்கு."

நான் பல கொலைகாரர்களோடு தேநீர் குடித்திருக்கிறேன். யார் வீட்டிலும் எனக்கு அப்படிக் குளிரவில்லை.

"இதை மூணு மணிக்குக் கூட்டத்துல சொல்லுங்க," என்றார் மேடம்.

"மாட்டேன். முன் வரிசையில உக்காந்து இவ மன்னிப்பைக் கேட்டுக்குவேன். நீங்களே சொல்லிப் பாருங்க. திருகினது அவர். நான் ஒண்ணுமே செய்யல. ஒண்ணும் செய்யாததுக்குக் கேஸ் இருக்கா?"

"இல்ல."

"வசந்தத்துல தோண்டினா ஏதாவது கிடைக்குமா?"

"எல்லாம் உருகிடும்," என்றாள் இசாவா. அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"அவ்வளவுதானே," என்றாள் தொமோயே.

மேடம் எழுந்தார். கோட்டை எடுக்கப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் தொட்டியருகே போய்க் குனிந்து, திருகைப் பிடித்துக் கடைசிவரை திருகினார். குழாயிலிருந்து விழுந்த நூல் மெலிந்தது, சொட்டாயிற்று, நின்றது. வீட்டுக்குள் அதுவரை ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"மூணு மணி வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்," என்றார் மேடம். பிறகு ஒரு விரலால் தொட்டியின் உட்புறத்தை மெதுவாகத் தடவி, ஈரமான அந்த விரலைத் தொமோயேயின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார்.

நான் குறுக்கே கையை நீட்டினேன். "மேடம், வேண்டாம்."

"கொமினே, அந்தத் தண்ணி பாட்டிலைத் தெருவுல வீசு."

"முடியாது மேடம்."

அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. கோபப்படத் தேவையிருக்கவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது.

தொமோயே முதலில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் பார்வை குழாய்க்குப் போனது, வந்தது, மறுபடி போனது. உதட்டை நாக்கால் தடவினாள். இப்போதுதான் ஒரு கோப்பை தேநீர் குடித்தவள், அவளுக்குத் தாகம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் காலிக் கோப்பையை எடுத்து வாயில் கவிழ்த்துப் பார்த்தாள்.

இசாவா செருப்பு விடும் இடத்தைத் தாண்டி உள்ளே ஓடிவந்தாள். திருகை நோக்கிக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் மேடத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு கையை மெல்ல இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"நான் வீணடிக்கலையே," என்றாள் தொமோயே. குரல் புதுப்பெண்ணுடையதாக இருந்தது. அவள் மேடத்தோடு பேசவில்லை. "நான் ஒரு துளி கூட வீணடிக்கலைங்க. தொட்டியைப் பாருங்க, காஞ்சுதான் இருக்கு."

"கூட்டத்துல சொல்றியா?" என்றார் மேடம். அவர் அவளை ஒருமையில் பேசியது அப்போதுதான்.

"சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"சொல்றேங்க. திறந்து விடுங்க. சொல்றேன்."

மூன்று மணிக்குச் சங்கக் கூடத்தில் கெரசின் அடுப்பைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. தொமோயே எழுந்து, நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடித்ததும் மாகபே கையைத் தூக்கி, "அப்ப ரோடு நல்ல ரோடுதானா? தோண்ட வேண்டாமா?" என்று கேட்டார். நகராட்சி ஆள் தோண்ட வேண்டாம் என்றார். கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பக்கத்திலிருந்தவர்கள் இசாவாவின் முதுகைத் தட்டினார்கள், யாரோ அவளை அடுத்த தெருவுக்கும் கோடு போட்டுத் தரச் சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் குனிந்து வணங்கினாள், தொமோயே இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

தொமோயே இன்னும் மேடை மேஜைக்கு அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். பேசுபவர்களுக்கென்று அங்கே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவள் அதைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் தேடி, கடைசி வரிசையில் கோட்டு போட்டுக்கொண்டிருந்த மேடத்தைக் கண்டுபிடித்தாள்.

"குடிக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

மேடம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.